வெள்ளூரணியில் காப்பு அவிழாத ஆறு வருஷம்

1988-ஆம் வருஷம் ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை நான் விளையாட்டாகச் சொன்ன ஒரு யோசனையால், வெள்ளூரணி கிராமத்தில் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் ஆறு வருஷம் ஊர் எல்லையைத் தாண்ட முடியாமல் இருந்தார்கள். தாண்ட முடியாமல் என்றால் வழியில் போலீஸ் நின்றது, ஓடையில் வெள்ளம் வந்தது என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கம் வெள்ளம் வந்தால் மேளம் வைத்து வரவேற்போம். எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் தூக்கிய கால் அந்தப் பக்கம் விழாது. காளியம்மன் கோயில் வாசலில் வந்து விழும். கால் மட்டுமல்ல, ஆளும்தான். இதில் யாருக்கும் காயம் பட்டதில்லை. கொஞ்சம் தலை சுற்றும், அதற்கு ஒரு செம்புத் தண்ணீர் போதும். அப்போது நான் அந்த ஊர்ப் பஞ்சாயத்தில் கிளார்க். பெயர் நவநீதகிருஷ்ணன். நடந்ததைத் தேதிவாரியாக எழுதி வைத்தவனும் நான், நடக்கக் காரணமானவனும் நான் என்பதால் இந்த வரலாற்றில் பெரிய பிழை இருக்காது.

அந்தக் காலத்தில் மெட்ராஸில் ‘தூய மூச்சு அறக்கட்டளை’ என்று ஒன்று இருந்தது. எந்தப் பஞ்சாயத்து தன் எல்லைக்குள் பீடி, சுருட்டு, சிகரெட், புகையிலை எதையும் விற்கக் கூடாது, யாரும் தொடக் கூடாது என்று தீர்மானம் போடுகிறதோ அந்த ஊருக்கு அது நிதி கொடுத்தது. ஊருக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நாங்கள் கேட்டது மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. நிதி மூன்று தவணை. தீர்மானம் போட்டால் தொட்டி, ஒரு வருஷம் அதைக் காப்பாற்றினால் குழாய், ஊரில் ஒருவர்கூடப் புகையிலை தொடவில்லை என்று உறுதியான பிறகு மோட்டார். தண்ணீரை மேலே ஏற்றுவது மோட்டார் என்பதால், மெட்ராஸ்காரர்கள் விவரமானவர்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவர்கள் அனுப்பிய அலுவலர் ஆனந்தகுமாருக்கு இருபத்தாறு வயது. மழை பெய்த மறுநாள் எங்கள் கரிசலில் வெள்ளைக் கான்வாஸ் ஷூவோடு இறங்கிய முதல் மனிதர் அவர்தான். ஷூ திரும்பவில்லை. நாலு ஊரில் ஏற்கெனவே ஏமாந்திருந்தார். ஒரு ஊரில் தீர்மானம் நிறைவேறிய சந்தோஷத்தில் தலைவரும் உறுப்பினர்களும் அதே மேசையில் உட்கார்ந்து ஆளுக்கொரு பீடி பற்றவைத்ததைக் கண்ணால் பார்த்தவர்.

"பேப்பர்ல எழுதிட்டு மீற மாட்டீங்கன்னு என்ன உத்தரவாதம்?" என்று அவர் எங்கள் தலைவர் மொக்கையனைக் கேட்டார். மொக்கையன் காதில் செருகியிருந்த பீடியைத் துண்டால் மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் மூக்குப்பொடியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "காப்புக் கட்டிருவோம் சார். கலெக்டருக்குப் பயப்படாதவன்கூட காப்புக்குப் பயப்படுவான்" என்றேன். எங்கள் பக்கம் அம்மனுக்குப் பொங்கல் வைப்பதென்றால் முதல் நாள் பூசாரி கையில் மஞ்சள் துண்டு கோத்த கயிறு கட்டுவார்கள். அது காப்பு. அன்று ராத்திரி ஊரில் படுத்தவர்கள், எட்டாம் நாள் காப்பை அவிழ்க்கும்வரை வெளியூரில் தங்கக் கூடாது. மீறினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் மீறியதில்லை. ஆனந்தகுமாருக்கு இது பிடித்துப்போனது. தீர்மானத்தைக் கையெழுத்தாக்கி அம்மன் காலடியில் வைத்து, கையோடு காப்பும் கட்டுவதென்று முடிவானது.

பூசாரி இருளாண்டி கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, "எந்தப் பொங்கலுக்குக் கட்டுறது கிளார்க்கு? அவுக்குறது என்னைக்கு?" என்று கேட்டார். சரியான கேள்வி. நாள் சொல்லாமல் காப்புக் கட்டக் கூடாது என்பது எங்கள் ஊரில் கைப்பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் எதிரே ஊரே கூடி நிற்கிறது. ஒரு சிரிப்புக் கிடைக்குமென்றால் நான் என் பெயரையே மறந்துவிடுகிற ஆள். "எல்லாரும் புகையிலைய விட்ட அன்னைக்கு அவுத்துக்கிருவோம், நீரு கட்டும்வே" என்றேன். நல்ல சிரிப்புக் கிடைத்தது. இருளாண்டி மட்டும் சிரிக்காமல் கட்டிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் என் அக்கா முத்துலட்சுமி, ஊரிலிருந்த ஒரே பலசரக்குக் கடையின் முதலாளி, தன் கடையிலிருந்த பீடிக்கட்டு, சுருட்டு, புகையிலை எல்லாவற்றையும் ஊரணிக் கரையில் கொட்டித் தீ வைத்தாள். ஆம்பளைகள் அத்தனை பேரும் காற்று வாக்கில் போய் நின்று கடைசியாக ஒருதரம் மூச்சை இழுத்துக்கொண்டார்கள். கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஆனந்தகுமார் பஞ்சாயத்து ஆபீஸ் பெஞ்சில் படுத்தார். அவரையும் சேர்த்துத்தான் முன்னூற்றுப் பன்னிரண்டு.

விடிந்ததும் சோலை இரண்டு கிடாயோடு அருப்புக்கோட்டைச் சந்தைக்கு முதல் பஸ்ஸில் ஏறினார். எங்கள் ஊரோடு பஸ்ஸு திரும்பிவிடும். அதற்கு மேல் பாதை கிடையாது. கண்டக்டர் சின்னத்துரை சோலைக்கு டிக்கெட் கிழித்து மீதிச் சில்லறையை நீட்டியபோது பஸ்ஸு எல்லைக்கல்லைத் தாண்டியது. வாங்கக் கையில்லை. சீட்டில் துண்டு மட்டும் இருந்தது. சோலை கோயில் வாசலில், உட்கார்ந்த வாக்கில் நின்றுகொண்டிருந்தார். கிடாய்கள் சந்தைவரை போய்விட்டுச் சாயங்காலம் திரும்பின. சின்னத்துரை அவற்றுக்குத் திரும்பும் டிக்கெட் போட்டிருந்தார். அன்றைக்கே பதினேழு பேர் போய்ப் பார்த்தார்கள். நடந்து போனார்கள், சைக்கிளில் போனார்கள், கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக நடந்தும் ஒருவர் போனார். சைக்கிள் மட்டும் அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் ஓடி விழுந்தது. மத்தியானத்துக்குள் கோயில் வாசல் திருவிழாக் கூட்டமாகிவிட்டது.

முதலில் எல்லைக்கல்லைப் பிடுங்கிப் பார்த்தோம். கல்லை வண்டியில் ஏற்றிப் பரளச்சி ரோட்டில் ரெண்டு மைல் தள்ளி நட்டுவிட்டால் எல்லை தள்ளிப் போகும் என்பது தலைவர் மொக்கையனின் கணக்கு. கல் போனது, வண்டி போனது, மாடு போனது. ஓட்டிய நாலு பேர் கோயில் வாசலுக்கு வந்தார்கள். பிறகு இருளாண்டியின் காப்பை அவிழ்க்கப் பார்த்தோம். முடிச்சு அசையவில்லை. அரிவாள் வைத்தால் அரிவாள் மழுங்கியது. கட்டிய அன்றைக்கு இருந்த மஞ்சள் ஈரம் அப்படியே இருந்தது. அவர் பிசைந்து சாப்பிடும் சோறு ஆறு வருஷமும் மஞ்சளாகவே இருந்தது. கடைசியாக நான் தாலுகா ஆபீஸுக்கு விவரமாக ஒரு மனு எழுதிப் போட்டேன். காகிதத்துக்குக் காப்பு இல்லை, தபால் தாராளமாகப் போனது. ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது: ‘மனுதாரர் உரிய சான்றுகளுடன் நேரில் ஆஜராகவும்.’

இப்படியாக ஊர் தன்னை அதற்குப் பழக்கிக்கொண்டது. பருத்தியும் மிளகாய் வத்தலும் ஆளில்லாமல் பஸ்ஸின் மேலேறிப் போயின, சின்னத்துரை விற்றுக் கொடுத்தார். வெளியூர்க்காரர்கள் வந்துபோக ஒரு தடையுமில்லை. காப்புக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் தடையில்லை என்பதால் கைக்குழந்தைகள் கண்டக்டர் மடியில் உட்கார்ந்து டவுனுக்குப் போய்த் தடுப்பூசி போட்டு வந்தன. தாய்மார்கள் எல்லைக்கல் இருந்த பள்ளத்துக்கு இந்தப் பக்கம் மார்பில் பால் கட்டி நின்றார்கள். சோலைக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் ரெண்டு ஏக்கர் இருந்தது. தினமும் காலையில் வந்து நின்று, அதில் கருவேலம் முளைப்பதைப் பார்த்துவிட்டுப் போவார். சூரத்துக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிற இளந்தாரிகள் போக முடியாமல் ஊரணிக் கரையில் படுத்துக் கிடந்தார்கள். எனக்கு அந்த ஆவணியில் மல்லாங்கிணற்றில் பெண் பேசி முடித்திருந்தது. பரிசம் போட நான் போகவில்லை என்றதும் அவர்கள் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் கட்டச் சொன்ன காப்பால் ஒருவருக்கு நல்லது நடந்தது என்றால் அது அந்தப் பெண்ணுக்குத்தான்.

ஆனந்தகுமாரை, தலைமையகத்துக்குத் திரும்பவில்லை என்ற காரணம் காட்டி அறக்கட்டளை வேலையிலிருந்து நீக்கியது. பிறகு அவர் அனுப்பிய அறிக்கைகளைப் படித்துவிட்டு, ‘கிராமத்திலேயே தங்கிப் பணிபுரியும் முதல் அலுவலர்’ என்று திரும்ப எடுத்துக்கொண்டது. ‘வேலை தேடி மக்கள் ஊரை விட்டுச் செல்வது முற்றிலும் நின்றுள்ளது’ என்று அவர் அழுதுகொண்டே எழுதிய வரியை அவர்கள் ஆண்டு மலரில் கட்டம் போட்டு அச்சடித்தார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பிற மாவட்டங்களிலிருந்து தலைவர்கள் வேனில் வந்தார்கள். எங்களை வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். ஒருவரும் ராத்திரி தங்கவில்லை. தொட்டி எழும்பி, குழாயும் பதித்தாயிற்று. மோட்டார் இல்லாத தொட்டிக்குள் மைனாக்கள் குடித்தனம் வைத்தன.

இருளாண்டியின் மணிக்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் யார் புகையிலை தொட்டாலும் காப்பு அவர் கையை இறுக்கியது. முதல் வருஷம் அவர் அலறாத நாழிகை இல்லை. அலறல் கேட்டதும் ஊரே தேடிப் போய்க் கருவேலங்காட்டுக்குள் குந்தியிருக்கிற ஆளைப் பிடித்துவிடும். மொக்கையன் மட்டும் ஒன்பது தரம் பிடிபட்டார். கடையில் சரக்கில்லை, வெளியே போய் வாங்க வழியில்லை, மறைந்து குடித்தாலும் பூசாரி கத்திவிடுகிறார். மூன்று வருஷத்தில் ஆம்பளைகள் ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். விட்டவர்கள் விட்ட தேதியைச் சட்டையில் குத்திக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பார்கள், நான் எழுதிக்கொள்வேன். 1991 முடிவில் இருளாண்டி ஆபீஸுக்கு வந்து சொன்னார்: "பகலெல்லாம் எறும்பு கடிச்சாப்புல லேசா இருக்கு கிளார்க்கு, அது கெடக்கட்டும். வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு மட்டும் ஒருதரம் நண்டு கடிச்சாப்புல இருக்கு."

எறும்பு நான்தான். பொடி புகையில்லை, ஆகவே அது தீர்மானத்தில் சேராது என்பது என் கட்சி. தீர்மானத்தை எழுதியவன் நான் என்பதால் அந்தக் கட்சிக்கு எதிர்க்கட்சி இருக்கவில்லை. என்றாலும், ஒருவேளை நண்டும் நான்தானோ என்ற பயத்தில் அந்தத் தை முதல் தேதி பொடி டப்பியை ஊரணியில் எறிந்தேன். மூன்று மாதம் காரணமில்லாமல் தும்மினேன். எறும்பு நின்றுவிட்டது. நண்டு நிற்கவில்லை. நான் குற்றவாளி இல்லை என்று வாழ்க்கையில் முதல் தடவையாக நிரூபணமானதில் எனக்கு வருத்தம்தான். நானாக இருந்திருந்தால் அன்றோடு தங்கலட்சுமி போயிருப்பாள்.

தங்கலட்சுமி என் அக்கா மகள். காப்புக் கட்டிய வருஷம்தான் பிளஸ் டூ முடித்திருந்தாள். டவுனில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்து, விடுதியில் சேரச் சொல்லிக் கடிதம் வந்தது, காப்புக் கட்டிய மறுவாரம். தகரப் பெட்டியில் துணியும் பாயும் புத்தகமும் அடுக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். பெட்டி போனது, அவள் கோயில் வாசலில் நின்றாள். சின்னத்துரை பெட்டியைச் சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்தபோது, "வேணாம் கண்டக்டரண்ணே, விடுதியிலேயே குடுத்துருங்க. நான் வரணும்னு அதுக்காவது தெரியட்டும்" என்று சொல்லி அனுப்பினாள். ஒவ்வொரு வருஷமும் விண்ணப்பம் போட்டாள், ஒவ்வொரு வருஷமும் இடம் கிடைத்தது, ஒவ்வொரு வருஷமும் நல்ல சேலை கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். ஊரே பஸ்ஸடியில் நின்று வழியனுப்பும். அக்கா மட்டும் அங்கே வர மாட்டாள். கோயில் வாசலில், மகள் வந்து விழப்போகிற இடத்தில், செம்பில் தண்ணீரோடு நின்றுகொண்டிருப்பாள். என்ன இருந்தாலும் பெற்றவள் பெற்றவள்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அக்காவின் வீட்டுக்காரர் 1983-இல் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு சூரத்துக்குப் போனவர். ரெண்டு கடிதம் வந்தது. மூன்றாவது வரவில்லை. அவருடைய மரப்பெட்டி ஒன்று உள்ளறையில் பூட்டிக் கிடந்தது, அதை யாரும் தொடுவதில்லை. அக்கா கடையை நடத்தி மகளைப் படிக்க வைத்தாள். நான் ஆம்பளைத் துணை என்ற பேரில் அவள் வீட்டில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடையில் புகையிலை நின்றதில் வியாபாரம் பாதியாகிவிட்டது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பயிற்சிப் பள்ளிக்கு வயது வரம்பு இருந்தது. அது தாண்டுவதற்குள் வெள்ளிக்கிழமை நண்டைக் கண்டுபிடித்தே தீருவதென்று ஒரு நோட்டுப் போட்டேன். வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு நீ எங்கே இருந்தாய் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஒருவர்கூட நேராகப் பதில் சொல்லவில்லை. "வெள்ளிக்கிழமையா? போன வெள்ளிக்கிழமை வடக்க மின்னுச்சே, பாத்தீகளா?" என்றார் சோலை. "அது கெடக்குது, ரேஷனுக்குப் பாமாயில் வந்துருச்சா சொல்லுங்க" என்றாள் ஜக்கம்மாள். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் கூட்டத்தில் போய்க் கேட்டபோது எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டு, "ஏலேய் நவநீதம், ஒனக்கொரு கல்யாணம் ஆகியிருந்தா இந்த நோட்டெல்லாம் தூக்கிக்கிட்டுத் திரிய மாட்ட" என்றார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். அப்படியும் விடாமல் எல்லாப் பெயருக்கு நேரேயும் ஏதோ எழுதி முடித்தேன். கேட்காமல் நானாக எழுதிக்கொண்டது ஒரே ஒரு பெயருக்குத்தான். முத்துலட்சுமி: வெள்ளிக்கிழமை விரதம், மத்தியானம் தலைச்சுற்றல், வீட்டில் படுக்கை. எனக்குத் தெரியாதா, எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுப்பதே நான்தானே.

1992 புரட்டாசியில், ஒரு புதன்கிழமை, சோலையின் சம்சாரம் தங்கத்தாயின் அம்மா மல்லாங்கிணற்றில் இறந்துபோனாள். தங்கத்தாய் தலைவிரிகோலமாக ஓடினாள். எல்லையைத் தாண்டிக் கால் வைத்தாள், கோயில் வாசலில் விழுந்தாள். எழுந்து மறுபடி ஓடினாள். கோயிலுக்கும் எல்லைக்கும் ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைவு. பதினோரு தரம் ஓடினாள். பிறகு மல்லாங்கிணற்றுக்காரர்கள் தாங்களாகவே டிராக்டரில் பிணத்தைக் கொண்டுவந்து, காப்புக் கட்டிய ஊருக்குள் வெளியூர்ப் பிணம் வரக் கூடாது என்பதால் எல்லைக்கு அந்தப் பக்கமே இறக்கி, முகம் மகளைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்கள். நாலு முழத் தூரம்தான். தங்கத்தாய் இந்தப் பக்கம் உட்கார்ந்து வாய்க்கரிசியை அள்ளி எறிந்தாள். அரிசிக்குக் காப்பு இல்லை. மூன்று பிடியும் சிந்தாமல் போய் அம்மா வாயில் விழுந்தன. ஊரே அங்கே நின்றது, அக்காவும் நின்றாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, மற்றவர்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்து வந்த வெள்ளிக்கிழமை இருளாண்டிக்கு நண்டு மூணு மணிக்குக் கடிக்கவில்லை, அஞ்சு மணிக்குக் கடித்தது. நோட்டில் குறித்துக்கொண்டேன். காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டேன்.

அதற்குப் பிறகு ஊரில் சத்தம் குறைந்துபோனது. யாரும் எல்லைக்குப் போய் நிற்பதில்லை. சோலைகூடத் தன் ரெண்டு ஏக்கரைப் பார்க்கப் போவதை நிறுத்திவிட்டார். முன்பெல்லாம் பஸ்ஸு வந்தால் எல்லாரும் எழுந்து பார்ப்பார்கள். இப்போது அது வந்து திரும்பிப் போகும், நாய்கூடத் தலையைத் தூக்காது. ஆனந்தகுமார் வெறுங்காலோடு வேட்டி கட்டிக்கொண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் கோமாளித்தனமாக எது சொன்னாலும், மறுபடியும் இவன் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று ஜனங்கள் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்துவிட்டுப் பிறகுதான் சிரித்தார்கள். அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

1994 ஆனி மாதம், ஏழாவது தடவையாகத் தங்கலட்சுமிக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. தபால்காரர் கடையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். நான் பக்கத்தில் வெல்லம் உடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தங்கலட்சுமி கடிதத்தைப் பிரித்துப் படித்தாள். அந்த நேரத்தில் தங்கத்தாய் அம்பது காசுக்குச் சீரகம் கேட்டாள். தங்கலட்சுமி கடிதத்தைக் குறுக்கே கிழித்து, பாதியைச் சுருட்டிக் கூம்பாக்கி, சீரகத்தைக் கொட்டி மடித்து நூல் சுற்றிக் கொடுத்தாள். மீதிப் பாதியை அடுத்த ஆளுக்கென்று பழைய பேப்பர் கட்டில் செருகினாள். முகத்தில் ஒன்றுமில்லை. கோபமாவது இருந்திருக்கலாம். நான், "கவர்மெண்டுப் பேப்பரு கெட்டி, சீரகம் சிந்தாது" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. உள்ளே அரிசி புடைக்கிற சத்தம் நின்றிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மூணரை மணிக்கு இருளாண்டி மூச்சிரைக்க ஆபீஸுக்கு ஓடி வந்தார். "கிளார்க்கு, இன்னைக்குக் கடிக்கல" என்றார். ஏதோ நோய் கண்டவர் மாதிரி கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அஞ்சு மணிவரை இருவரும் அந்த மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மறு வெள்ளியும் கடிக்கவில்லை, அதற்கு மறு வெள்ளியும் கடிக்கவில்லை. அக்காவுக்கும் அந்த வாரங்களில் தலைச்சுற்றல் இல்லை. விரதத்தை விட்டுவிட்டேன், உடம்பு தாங்கவில்லை என்றாள். நல்லதுக்கா என்றேன். ஆடி இரண்டாம் செவ்வாய்க்கிழமை இருளாண்டி அம்மனுக்கு அபிஷேகம் செய்துகொண்டிருந்தபோது காப்பு வெறும் கயிறாகக் காய்ந்து, தானாக அவிழ்ந்து தண்ணீர் வாளிக்குள் விழுந்தது.

பேப்பர் கட்டிலிருந்த மீதிப் பாதியை யாரோ எடுத்து, தங்கத்தாய் வீட்டிலிருந்து சீரக வாசனையோடு வந்த பாதியோடு சேர்த்துப் பசை போட்டு ஒட்டி, தங்கலட்சுமியின் தலையணைமேல் வைத்திருந்தார்கள். புதன்கிழமை காலை பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. திருப்பூர் போகிறவர்கள், சூரத் போகிறவர்கள், அம்மா வீட்டுக்குப் போகிறவர்கள், மோட்டார் வாங்க மெட்ராஸுக்குக் கிளம்பிய மொக்கையன், ஆறு வருஷ அறிக்கைகளை மடியில் கட்டிக்கொண்ட ஆனந்தகுமார் எல்லாரும் இருந்தார்கள். தங்கத்தாய் மல்லாங்கிணற்றுக்கு ஒரு டிக்கெட் எடுத்தாள். (மோட்டார் அந்த ஐப்பசியில் ஓடியது. தண்ணீர் உப்பு.) தங்கலட்சுமி ஜன்னலோரம் உட்கார்ந்து, "வாரேன் மாமா" என்றாள். போறேன் என்று ஒருநாளும் சொல்லாதவள். சின்னத்துரை டிக்கெட்டைக் கிழித்துவிட்டு, பழக்கதோஷத்தில் மீதிச் சில்லறையைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டு, பிறகு ஞாபகம் வந்து எடுத்துக் கொடுத்தார்.

பஸ்ஸு கிளம்பியதும் நான் கோயிலுக்கு நடந்தேன். அக்கா எப்போதும் போல வாசலில் செம்புத் தண்ணீரோடு நின்றிருந்தாள். பஸ்ஸின் சத்தம் ஊரணி தாண்டி, புளியந்தோப்புத் தாண்டி, எல்லையில் கியர் மாற்றி, அந்தப் பக்கம் போய்த் தேய்ந்தது. வாசலில் யாரும் வந்து விழவில்லை. கால் மணி நேரம் நின்றோம். வெயில் ஏறியது. அக்கா செம்பைத் தூக்கி அண்ணாந்து தண்ணீர் முழுவதையும் தானே குடித்தாள்.

ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் ஆரம்பித்தேன். "ஏக்கா, அந்த வெள்ளிக்கிழமை ஆளு யாருன்னுதான் கடைசி வரைக்கும் தெரியாமப் போச்சு. ஒனக்காவது தெரியுமா?"

"நான்தான்டா" என்றாள் அக்கா. "அவுக மரப்பெட்டிக்குள்ள ஒரு கட்டுப் புகையில கெடந்துச்சு. வாரத்துக்கு ஒரு கிள்ளு. கொடலப் பெரட்டும். இவளும் அவுக மாதிரிப் போயிட்டுத் திரும்ப மாட்டான்னு போட்டேன். சீரகம் மடிச்சா பாரு, அன்னைக்கு விட்டேன். ஊருப் பொம்பளைகளுக்கு எல்லாம் தெரியும், அவுக வீட்டு ஆம்பளைகளும் வீட்டோட கெடந்தாகள்ல. தங்கத்தாய்க்குத்தான் தெரியாது. அவ ஊருக்குப் போயிட்டு வந்ததும் நானே போயிச் சொல்லணும்." செம்பைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டை உதறினாள். "ஒன்கிட்ட எப்பவோ சொல்லியிருப்பேன். ஊரெல்லாம் நோட்டத் தூக்கிட்டுப் போயிக் கேட்ட, என்கிட்ட நீ கேக்கவே இல்லையேடா."